கறிவேப்பிலைக்குள் ஒரு மருத்துவர்

காஞ்சிபுரம் இட்லிக்கு மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் எவ்வளவு அவசியமோ, மந்தாரை இலையும் அவ்வளவு அவசியம். நீண்ட மூங்கில் குடலைக்குள் இந்த இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாக ஊரே அறிந்த இட்லி அது. மந்தாரை இலையை விரித்துப் பார்த்தால் நுனியிலிருந்து உள்நோக்கிப் பிளந்திருக்கும். ஒரே காம்பில் இரண்டு இலைகள் ஒட்டிப் பிறந்தாற்போல் தோன்றும். தாவரவியலில் இந்த மரத்தின் பேரினப் பெயர் பௌஹினியா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த யோஹான் பௌஹின், காஸ்பர் பௌஹின் என்ற அண்ணன் தம்பி நினைவாக வைத்த பெயர் அது. தம்பி காஸ்பர் 1623-ல் வெளியிட்ட 'பினாக்ஸ்' நூலில் ஏறத்தாழ 6,000 தாவரங்களைத் தொகுத்தவர். ஒரு காம்பில் இரு மடல்கள், ஒரு குடும்பத்தில் இரு அறிஞர்கள். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் ஸ்வீடன் தாவரவியலர் லின்னேயஸ் அந்தப் பெயரை உறுதி செய்தார்.

காஞ்சி நகரை ஒட்டியிருக்கும் ஏனாத்தூரில் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் வந்த பிறகு கட்டடங்கள் பெருகிவிட்டன. ஆனாலும் வயலும் வரப்பும் கொல்லையும் இன்னும் மிச்சம் இருக்கின்றன. சுற்றுப்புறத்துத் தறி வீடுகளில் பாவும் ஊடையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த மண்ணில் சாதாரணமாகக் கண்ணில் படும் செடி கொடிகளை அவற்றின் அறிவியல் பெயரோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு பெரிய மனிதர் கூட்டமே எதிரில் வந்து நிற்கும். பட்டுப் புடவை கட்டப்போகும் மணப்பெண்ணின் கையில் அரைத்து வைக்கும் மருதாணி, லாசோனியா. லின்னேயஸின் முதல் பெரும் நூலான 'சிஸ்டமா நேச்சுரே' 1735-ல் அச்சேறப் பண உதவி செய்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசனுக்கு அவர் செலுத்திய நன்றி இது. அம்மன் சந்நிதிக்குப் போகும் செண்பகப் பூ, மாக்னோலியா. பிரான்சின் மோன்பெலியே நகரத்துத் தாவரவியலர் பியேர் மாக்னோல் அதில் இருக்கிறார். வரப்போரத்துக் கானாவாழைக்குக் கொமெலினா என்று பெயர். கொமெலின் குடும்பத்தில் தாவரவியலில் ஈடுபட்டவர்கள் மூவர். இருவர் புகழ் பெற்றார்கள், ஒருவர் ஏதும் சாதிக்குமுன் இறந்துபோனார். கானாவாழைப் பூவில் பெரிய நீல இதழ் இரண்டும் கவனத்துக்கு வராத சிறு இதழ் ஒன்றும் இருப்பதைக் கண்டு லின்னேயஸ் அந்தக் குடும்பத்தை அதற்குள் வைத்தார்.

உயிரினங்களுக்கு லத்தீன் வடிவில் இரு சொற்பெயர் வைக்கும் முறை தாவரங்களுக்கு 1753-லும் விலங்குகளுக்கு 1758-லும் லின்னேயஸ் நூல்களின் வழியே நிலைபெற்றது. முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். மேலே சொன்னவர்கள் எல்லாம் முதற்சொல்லில் இடம் பிடித்தவர்கள். இரண்டாம் சொல்லில்தான் கூட்டம் அதிகம். அங்கே மனிதர் பெயர் பெரும்பாலும் லத்தீனின் ஆறாம் வேற்றுமை ஏற்று, 'இன்னாருடைய' என்ற பொருளில் நிற்கும். ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி, பலருக்குச் சேர்த்து வைத்தால் வேறொரு விகுதி. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் எழுதவில்லை. ஆனால் அப்படிச் செய்பவரை ஆய்வுலகம் மதிக்காது. பெயர் இன்னொருவர் கொடுத்து வரவேண்டும். அதனால்தான் இந்தப் பெயர்களில் நன்றியும் நட்பும் துக்கமும் பதிந்திருக்கின்றன.

தரங்கம்பாடியிலிருந்து தாளிப்புக்கு

தமிழர் சமையலில் ஒருநாளும் தவறாத கறிவேப்பிலையின் சிற்றினப் பெயர் கோனிகீ. யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ல் பால்டிக் பகுதியில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர். 1768-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடிகளோடுதான். சோழமண்டலக் கரையில் அவர் சேகரித்துக் காயவைத்த மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு வைத்த பெயர் பெர்கெரா கோனிகீ. பின்னாளில் அதை முர்ராயா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அது யோஹான் ஆண்ட்ரியாஸ் முர்ரே என்ற இன்னொரு லின்னேயஸ் மாணவரின் பெயர். இப்போது மறுபடியும் பெர்கெரா என்றே பலர் எழுதுகிறார்கள். முதற்சொல் இப்படி ஆளுக்கு ஆள் மாறினாலும் இரண்டாம் சொல்லான கோனிகீ 250 ஆண்டுகளாக அசையவில்லை.

கோனிக் பிறகு ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778-ல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். சயாம் வரை போய் வந்தார். 1785-ல் காக்கிநாடா அருகே நோயில் இறந்தார். பெரிய நூல் எதையும் அவர் வெளியிட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் தென்னிந்தியத் தாவரவியல் என்று இன்று நாம் சொல்லும் துறைக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். கறிவேப்பிலை மரத்தடியில் அவருக்கு ஒரு பலகை வைத்தால் தகும்.

அவர் விட்ட இடத்துக்குக் கம்பெனி கொண்டுவந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். இவரும் மருத்துவர். செடிகளோடு பாம்புகளையும் ஆராய்ந்தார். எந்தப் பாம்பு விஷமுள்ளது, எது விஷமில்லாதது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பது அவருடைய கவலை. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ல் அவருடைய நூல் வந்தது. மறுவருடமே நெல்வயல்களில் விவசாயிகள் அஞ்சும் கண்ணாடி விரியனுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சூட்டியவர்கள் அவர் பெயரிலிருந்த இரண்டு 'எல்' எழுத்துகளில் ஒன்றை விட்டுவிட்டார்கள். முதன்முதலில் அச்சான எழுத்துக்கூட்டலே நிலைக்கும் என்பது விலங்கியலின் பொது விதி. அதனால் இன்றைக்கும் மருத்துவ நூல்களில் ஓர் எழுத்துக் குறைந்தே அந்தப் பெயர் அச்சாகிறது.

சாயமும் அகராதியும்

பட்டு நெய்யும் ஊரில் சாயத்தைப் பேசாமல் இருக்க முடியாது. இன்று சாயப்பட்டறைகளில் இருப்பவை ரசாயனச் சாயங்கள். அவை வருவதற்கு முன் பட்டுக்குச் செம்மஞ்சள் நிறம் ஏற்ற இந்தியாவின் பல பகுதிகளில் பயன்பட்டது கபிலப்பொடி. ஒரு மரத்தின் காய்மேல் படியும் சிவந்த தூள் அது. கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பரோ இந்த மரத்துக்குச் சூட்டிய பெயர் ராட்லெரா டிங்க்டோரியா. சாயம் தரும் ராட்லர் மரம் என்று சொல்லலாம்.

யார் இந்த ராட்லர்? தமிழர்கள் மறக்கக் கூடாத ஒருவர். 1749-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்து, 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்த யோஹான் பீட்டர் ராட்லர் ஒரு பாதிரியார். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்து 1836-ல் இறந்தார். ஒரு பக்கம் செடிகளைச் சேகரித்தார், மறுபக்கம் தமிழ்ச் சொற்களைச் சேகரித்தார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1834-ல் அச்சாகத் தொடங்கி, அவர் இறந்த பிறகு 1841-ல் நிறைவுற்றது. செடிக்குப் பெயர் தேடுகிறவன் ஊராரிடம் பேசியாக வேண்டும். ஊராரிடம் பேசுகிறவன் காதில் சொற்கள் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டு வேலையும் அவருக்கு ஒன்றாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சாய மரத்தில் அவர் பெயர் தங்கவில்லை. அதே மரத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் லமார்க் முன்பே வேறொரு பெயர் கொடுத்திருந்தார். முந்தி வந்த பெயருக்கே உரிமை என்ற விதிப்படி ராட்லெரா விலக, இப்போது அந்த மரம் மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ். ராட்லர் வேறொரு செடியில் நிலைத்தார். அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரிப் படுகையிலும் கோடைத் தொடக்கத்தில் வெள்ளி பூத்தாற்போல் முளைக்கும் ஒரு சிறு பூண்டுக்குக் க்ரோஸோஃபோரா ராட்லெரி என்று பெயர். ஏரிகள் மிகுந்த காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் பழக்கமான பூண்டு. அதன் காயிலும் நீலச் சாயம் உண்டு.

சாயச் செடிகளில் இன்னொன்று, வெட்பாலை. இலையிலிருந்து நீலம் எடுப்பார்கள். பேரினப் பெயர் ரைட்டியா. இதைச் சென்னை மாகாணத்தில் உழைத்த ராபர்ட் வைட் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அல்ல. ஜமைக்காவில் மருத்துவராக இருந்த வில்லியம் ரைட் அவர். ராபர்ட் வைட்டுக்கு 'வைட்டியை', 'வைட்டியானா' என்று வேறு பல செடிகள் உண்டு. அவர் செய்த ஒரு காரியத்துக்காகத்தான் அவரை இங்கே கொண்டுவருகிறேன்.

தூரிகை பிடித்தவர்கள்

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மப் பல்லவனின் 200-க்கும் மேற்பட்ட பட்டப்பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தை வெட்டிய கை யாருடையது? கோயிலைக் கட்டிய சிற்பி யார்? பெயர் இல்லை. பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடு உண்டு, கடைக்குப் பெயர் உண்டு, நெய்தவர் பெயர் முந்தானையில் எங்கும் இல்லை. அறிவியலிலும் இதே நிலைதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தியச் செடிகளுக்கும் விலங்குகளுக்கும் சூட்டப்பட்ட மனிதப் பெயர்கள் பெரும்பாலும் கம்பெனி மருத்துவர்கள், ராணுவ அதிகாரிகள், ஆளுநர்களின் பெயர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஷோரியா ராக்ஸ்பர்கீ என்ற ஒரே மரத்தில் கவர்னர் ஜெனரல் ஜான் ஷோரும் கம்பெனி மருத்துவர் ராக்ஸ்பரோவும் சேர்ந்தே இருக்கிறார்கள். காட்டுக்குள் வழி காட்டியவர், மரமேறிப் பூப் பறித்துக் கொடுத்தவர், அந்தச் செடிக்கு உள்ளூரில் என்ன பெயர் என்று சொன்னவர் எல்லாம் காணாமல் போனார்கள்.

விதிவிலக்கு வைட்டின் ஓவியர்கள். ஸ்காட்லாந்திலிருந்து 1819-ல் வந்த ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களுக்குப் பெரும் படத்தொகுதிகள் வெளியிட்டார். 1838 முதல் 1853 வரை வந்த 'ஐகோனஸ்' தொகுதிகளில் மட்டும் 2,101 படங்கள். அவருக்காகத் தூரிகை பிடித்தவர்கள் இருவர்: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. தஞ்சாவூர் ஓவிய மரபோடு தொடர்புடைய தெலுங்குக் கலைஞர் ரங்கையா. தெய்வங்களையும் அரசர்களையும் தீட்டிப் பழகிய மரபு, பூவின் சூலகத்தைக் குறுக்கே வெட்டி, அறை அறையாகக் காட்ட வேண்டிய வேலைக்குத் திரும்பியது. ஒரு விதையில் எத்தனை மடிப்பு, ஓர் இலைக்காம்பில் எந்தப் பக்கம் மயிர் என்று பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். அச்சான படங்களின் ஓரத்தில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. ஜெர்மன் அறிஞர் நீஸ் ஃபான் எசன்பெக் 1832-ல் ஆடாதோடைக் குடும்பத்துச் செடிப் பேரினம் ஒன்றுக்கு ருங்கியா என்று பெயர் வைத்தார். ரங்கையாவின் பெயர்தான் அது. தமிழ்நாட்டு வயலோரங்களில் களைபோல் மண்டும் அந்தச் செடியின் பெயர் இன்றும் செல்லுபடியாகிறது. கோவிந்துவுக்கு வைட்டே 1853-ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்தைக் கோவிந்தூவியா என்று சூட்டினார். முந்தைய பெயர் ஒன்று இருந்ததால் அது டிராபிடியா என்ற பேரினத்துக்குள் அடங்கிப் போனது.

இருவரின் வாழ்க்கை பற்றிக் கிடைப்பது மிகக் குறைவு. எடின்பரோ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி தேடித் தொகுத்து 2007-ல் வெளியிட்ட பிறகுதான் அவர்களைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது. வங்காளத்திலும் இதற்கு ஈடான ஒரு கதை உண்டு. கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டனுக்குப் படம் வரைந்தவர் ஹலுதார். ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழித்து, 2013-ல், இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொட மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் சிறு கெண்டை மீன்களுக்கு ஹலுதாரியா என்று பெயர் சூட்டினார். பெயர் சூட்டும் உரிமையை இவ்வளவு பொறுப்போடு பயன்படுத்திய செயல்கள் வேறு அதிகம் இல்லை என்பேன்.

மேகமலையிலிருந்து விண்வெளி வரை

1948-ல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்று குறிக்கப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கால் நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது யாரும் அறியாத இனம் என்று கண்டுகொண்டார். 1972-ல் அவர் வைத்த பெயர் லேட்டிடென்ஸ் சாலிமலீ. பறவையியலர் சாலிம் அலி அப்போது உயிரோடு இருந்தார். இரண்டே ஆண்டில், 1974-ல், கிட்டி காலமானார். அவர் தாய்லாந்தில் கண்டெடுத்த, உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு அதே ஆண்டு ஜான் எட்வர்ட்ஸ் ஹில் 'தோங்லோங்யாய்' என்று அவர் பெயரையே சூட்டினார்.

இதைவிட மனத்தை உலுக்குவது பூபதியின் கதை. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதி. 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், பாறையில் ஒட்டிக்கொள்ளும் தலைப்பிரட்டைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலிய குழுவினர், 2017-ல் ஒரு புதிய ஊதாத் தவளையை அறிவித்தார்கள். பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கேரளப் பக்கத்து ஊதாத் தவளை தென்மேற்குப் பருவத்தில் மண்ணைவிட்டு வெளியே வரும். இது வடகிழக்குப் பருவத்துக்குக் காத்திருக்கிறது. நம் ஐப்பசி அடைமழையை நம்பி வாழும் தவளை, நம் ஆய்வாளர் ஒருவரின் பெயரோடு இருக்கிறது. லத்தீன் பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஜானகி அம்மாளுக்கும் ஒரு பல்லி உண்டு. 2019-ல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அறிவிக்கப்பட்ட டிராவிடோகெக்கோ ஜானகியே. பெண்பால் விகுதியோடு நிற்கும் பெயர். தாவரவியலரான ஜானகி அம்மாள் கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டவர். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1984-ல் அங்கேயே மறைந்தார். காஞ்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும் மாணவிகள் மதுரவாயலைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது அந்த ஊரோடு இந்தப் பெயர் நினைவுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

அப்துல் கலாமின் பெயர் பூமியைவிட்டே போய்விட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரன் குழு 2017-ல் சோலிபசிலஸ் கலாமீ என்று பெயர் வைத்தது. சூட்டியவரும் தமிழர், சூட்டப்பட்டவரும் தமிழர்.

மாற்றலாமா?

பெயர் நிலைக்கும் என்பதே இந்த முறையின் பலம். பெயர் தாங்கிய பொருளே அழிந்த பிறகும் அது நிலைக்கும். அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. சி. ஏ. மேட்லி என்ற புவியியலரின் பெயர் மட்டும் ஆய்வேடுகளில் இருக்கிறது. இதே பலம்தான் சிக்கலும் ஆகிறது. 1937-ல் ஒரு குகை வண்டுக்கு ஹிட்லர் பெயரை வைத்தார்கள். விலங்கியல் விதிப்படி அதை இன்றுவரை நீக்க முடியவில்லை. நாஜி நினைவுப் பொருள் தேடுபவர்கள் அந்த வண்டைப் பிடித்துப் பிடித்து விற்கிறார்கள். தாவரவியலர்கள் ஓர் அடி முன்னே போனார்கள். 2024-ல் மாட்ரிட் மாநாட்டில், ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லிலிருந்து வந்த 200-க்கும் மேற்பட்ட பெயர்களைத் திருத்த வாக்களித்தார்கள்.

மனிதப் பெயர்களையே வைக்கக் கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. கோனிக்கைக் கறிவேப்பிலையிலிருந்து பிடுங்கி எறிந்தால் ரங்கையாவுக்கு நீதி கிடைத்துவிடாது. ருங்கியாவும் அதே விதியில்தான் நிற்கிறது. இனி வைக்கப்போகும் பெயர்களில்தான் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் விஷமுறி மருந்துக்கு வேண்டிய பாம்பு விஷத்தைத் தருகிறது. ரஸ்ஸல் பெயர் கொண்ட விரியனை, தடத்தைப் பார்த்தே வளை தேடிப் பிடிப்பவர்கள் அவர்கள். புதிய இனத்தை அறிவிக்கும் கட்டுரைகளில் பெயர்க் காரணம் என்று ஒரு பத்தி எழுதுவது வழக்கம். நம் ஆய்வாளர்கள் அந்தப் பத்தியில் இப்படிப்பட்டவர்களின் பெயர்களை எழுத வேண்டும். ஏனாத்தூர்க் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் யாரேனும் நாளை ஒரு பூச்சியையோ புல்லையோ புதிதாகக் கண்டால், அதை முதலில் காட்டிக் கொடுத்த கையை மறக்கக் கூடாது.

இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். போர் ஓய்ந்த 2009-ல், இலங்கையின் வடக்கே மாங்குளத்தில், ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்ற ஒரு பெரிய சிலந்தி ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. ரணில் நாணயக்கார குழுவினர் உயிருள்ள சிலந்திகளைத் தேடி அந்தக் காடுகளுக்குள் போனபோது, ஆபத்து நீங்காத நிலத்தில் அவர்களுக்குத் துணையாக நின்றவர் மைக்கேல் ராஜகுமார் புராஜா என்ற போலீஸ் அதிகாரி. 2012-ல் அறிவிக்கப்பட்ட அந்தச் சிலந்தியின் பெயர் போசிலோதீரியா ராஜயி. கால் நுனியிலிருந்து கால் நுனி வரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். முதிர்ந்த மரங்களின் பொந்துதான் அதற்கு வீடு. காடு அழிந்த இடங்களில் அது பழைய கட்டடங்களுக்குள் வந்துவிடுகிறது. மாங்குளம் மருத்துவமனை வளாகத்துப் பழைய மருத்துவர் குடியிருப்பிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.